லேமினேட் தரை: டைல்ஸை உடைக்காமல் முதல் முறை நீங்களே போட

சென்னை, கோவை, மதுரை என்று எந்த ஊர் அடுக்குமாடி வீட்டை எடுத்துக்கொண்டாலும் தரை பெரும்பாலும் விட்ரிஃபைட் டைல்ஸ்தான். அதை உடைக்காமல், சிமென்ட் கலக்காமல், ஒரு படுக்கையறையின் தரையை மட்டும் மரத்தோற்றத்துக்கு மாற்ற லேமினேட் நல்ல வழி. தரையில் பசை வேண்டாம், ஆணி வேண்டாம். பலகையோடு பலகையைக் கோத்துக்கொண்டே போக வேண்டியதுதான். மரவேலை பழக்கமில்லாதவரும் 10க்கு 12 அடி அறையை ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம். துணைக்கு ஓர் ஆள் இருந்தால் இன்னும் சுலபம்.

பலகை கோப்பது இதில் சின்ன வேலை. தரையைச் சோதிப்பது, அளவெடுப்பது, கதவைக் கழற்றி இழைப்பது ஆகியவைதான் நேரம் எடுப்பவை. ஒரு வருடத்தில் கெட்டுப்போகும் லேமினேட் தரைகளைப் பார்த்தால், கோளாறு பெரும்பாலும் இந்த முன்வேலையில்தான் இருக்கும். அதனால் நானும் அதற்கே அதிக இடம் கொடுக்கிறேன்.

பலகைக்குள் என்ன இருக்கிறது

லேமினேட் பலகையின் நடுவில் இருப்பது, மரநாரை ரெசினோடு சேர்த்துச் சூட்டில் அழுத்திய எச்.டி.எஃப். அதன் மேல் மர ரேகை அச்சிட்ட தாள். அதற்கும் மேலே அலுமினியம் ஆக்சைடு கலந்த மெலமைன் பூச்சு. பலகை வளைந்துவிடாமல் இருக்க அடியில் இன்னொரு அடுக்கு. ஸ்வீடனின் பெர்ஸ்டார்ப் நிறுவனம் 1977இல் இதை உருவாக்கியது. ஆரம்ப காலத்தில் பலகைகளின் ஓரத்தில் பசை தடவித்தான் ஒட்டினார்கள். 1990களின் பிற்பகுதியில் ஒரு பலகையின் நாக்கு அடுத்த பலகையின் பள்ளத்தில் நுழைந்து, பசையே இல்லாமல் கோத்துக்கொள்ளும் ‘கிளிக்’ பூட்டு வந்த பிறகுதான் வீட்டுக்காரரே போடக்கூடிய பொருளாக இது மாறியது.

இரண்டு விஷயங்களை மனதில் வையுங்கள். மேல்பூச்சு நல்ல கெட்டி, நாற்காலி உரசலை எல்லாம் தாங்கும். ஆனால் பலகையின் ஓரங்களில் அந்தப் பூச்சு கிடையாது. இணைப்புக்குள் தண்ணீர் இறங்கினால் நடுப்பலகை ஊறிய அவல் போல உப்பும், காய்ந்த பிறகும் பழைய தடிமனுக்குத் திரும்பாது.

இரண்டாவது, மரநார் என்பதால் காற்றிலுள்ள ஈரத்துக்கே அது விரியும், சுருங்கும். கோத்து முடித்த தரை ஒரே தகடு மாதிரி, அடியில் விரித்த மெல்லிய ஃபோம் தாள் மேல் சும்மா கிடக்கிறது, எதோடும் ஒட்டியிருக்கவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தத் தகடு முழுவதுமாக விரியும்போது சுற்றிலும் இடம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் மேடாக எழும்பும். கீழே சொல்லப்போகும் விதிகளில் முக்கால்வாசி இந்த இரண்டிலிருந்தும் வந்தவைதான்.

எந்த அறைக்கு ஆகாது

குளியலறை, சமையலறை, பால்கனி, வாஷிங் மெஷின் இருக்கும் மூலை: இங்கெல்லாம் வேண்டவே வேண்டாம். மழைநீர் வீட்டுக்குள் வந்த அனுபவமுள்ள தரைத்தளமும் அப்படித்தான். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் புகுந்த வேளச்சேரி, முடிச்சூர் பக்கத்துத் தரைத்தள வீடுகளில் இதற்குச் செலவழிக்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அங்கே டைல்ஸே நல்லது. மரத்தோற்றம் வேண்டும் என்றால் மரம்போல அச்சிட்ட டைல்ஸ் இருக்கிறது, கல்தூளும் பிளாஸ்டிக்கும் சேர்த்துச் செய்த, நீரில் உப்பாத எஸ்.பி.சி. பலகையும் இருக்கிறது.

வெள்ளம் வராத தரைத்தளம் என்றாலும் ஓதம் இருக்கிறதா என்று பாருங்கள். சுவரின் அடிப்பகுதியில் பெயின்ட் உரிந்து, வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அதுவே பதில். சந்தேகமாக இருந்தால் இரண்டடிக்கு இரண்டடி பாலித்தீன் தாளை வெறும் தரையில் விரித்து, நான்கு ஓரத்தையும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி, இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் அடியில் வியர்த்திருந்தாலோ, தரை கறுத்து ஈரமாகத் தெரிந்தாலோ ஓதம் ஏறுகிறது. டைல்ஸ் மேல் சோதிப்பதானால் தாள் இரண்டு மூன்று டைல் இணைப்புகளை மூடும்படி விரியுங்கள். ஈரம் அந்த இணைப்பு வழியாகத்தான் வரும்.

கறையானும் முக்கியம். எச்.டி.எஃப். மரம்தான், கறையான் அதை விடாது. கதவு நிலையிலோ அலமாரியின் பின்பக்கத்திலோ மண்கோடு தெரிந்தால், முதலில் கறையான் மருந்து அடிப்பவரை அழையுங்கள். மருந்து வேலை செய்துவிட்டது என்று உறுதியாகும் வரை பலகை வாங்காதீர்கள். அறையின் ஏ.சி. உட்பகுதியிலிருந்து எப்போதாவது தண்ணீர் சொட்டும் என்றால் அந்த வடிகுழாயையும் இப்போதே சரிசெய்துவிடுங்கள்.

அறையோடு சேர்ந்த குளியலறை இருப்பது தடையில்லை. குளியலறைத் தரை அறையைவிடத் தாழ்வாகவும், நடுவில் கிரானைட் படி ஒன்றும் இருந்தால் போதும். படிக்கு இந்தப் பக்கம் நல்ல மிதியடி போட்டுக்கொள்ளுங்கள்.

பழைய வீட்டின் சிவப்பு ஆக்சைடு தரையையோ ஆத்தங்குடிக் கல்லையோ லேமினேட்டால் மூட நினைக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மூடாதீர்கள், பாலிஷ் போட்டுப் பாருங்கள். அந்த மாதிரி தரையைத் திரும்பச் செய்ய இன்று ஆள் தேட வேண்டியிருக்கிறது. மண்ணிலிருந்து ஏறும் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டிருந்த தரையை மூடினால் ஈரம் அடியிலேயே தங்கும் என்பதும் உண்டு.

கடையில் என்ன கேட்பது

வீட்டுக்கு 8 மி.மீ. தடிமன் போதும். 12 மி.மீ. நடக்கும்போது இன்னும் திடமாக இருக்கும், ஆனால் கதவை அந்த அளவுக்கு அதிகமாக இழைக்க வேண்டும். தேய்மானத்தை எவ்வளவு தாங்கும் என்பதற்கு ஏ.சி.1, ஏ.சி.2 என்று ஏறிக்கொண்டே போகும் தரவரிசை உண்டு (குளிரூட்டும் ஏ.சி. அல்ல). ஐரோப்பியத் தரக்குறியீடான இ.என். 13329இலிருந்து வந்தது அது. படுக்கையறைக்கு ஏ.சி.3 போதுமானது. பிள்ளைகள் ஓடியாடும் ஹாலுக்கு ஏ.சி.4 வாங்கலாம். பலகையிலிருந்து வெளிவரும் ஃபார்மால்டிஹைடு என்ற கெடுதலான வாயு குறைவு என்பதற்கான இ1 முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். மூடிய ஏ.சி. அறையில் தூங்குகிறோம், இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

‘நீர் தாங்கும்’ என்று போட்டு விற்பவை, சிந்திய தண்ணீரைச் சில மணிநேரம் உள்ளே விடாமல் வைத்திருக்கும் என்றுதான் அர்த்தம். அதை நம்பிச் சமையலறையில் போடக்கூடாது.

அளவுக்கு ஓர் உதாரணம். பலகை 1215 மி.மீ. நீளம், 195 மி.மீ. அகலம், பெட்டிக்கு 8 பலகை என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெட்டி சுமார் 20.4 சதுர அடி வரும். 10க்கு 12 அடி அறை 120 சதுர அடி, சேதாரத்துக்கு 10 சதவீதம் சேர்த்தால் 132. அப்படியானால் 7 பெட்டி. எல்லாப் பெட்டியிலும் தயாரிப்புத் தொகுதி எண் ஒன்றாக இருக்கட்டும். இல்லாவிட்டால் ஜன்னல் வெளிச்சத்தில் நிற வித்தியாசம் தெரியும்.

ஃபோம், கதவடிப் பட்டை, ஓர பீடிங் (சுவரோர இடைவெளியை மூடும் ஒல்லிப் பட்டை) ஆகியவற்றையும் அதே கடையில் அதே நாளில் வாங்கிவிடுங்கள். பீடிங் நிறத்துக்குப் பிறகு அலைவது பெரும்பாடு.

வந்த பெட்டிகளைப் பிரிக்காமல், போடப்போகும் அறையிலேயே, தட்டையாக 48 மணிநேரம் வையுங்கள். சுவரில் சாய்த்து நிறுத்தினால் பலகை வளையும். கிடங்கின் ஈரமும் உங்கள் அறையின் ஈரமும் வேறு. பலகை உங்கள் அறைக்குப் பழகிய பிறகு கோத்தால்தான் பின்னால் இடைவெளி விடாது. இரவில் வழக்கம்போல ஏ.சி. போடுங்கள், பகலில் ஜன்னலைத் திறங்கள்.

தரையைத் தட்டிப் பாருங்கள்

காத்திருக்கும் அந்த இரண்டு நாளில் தரை வேலையை முடித்துவிடலாம்.

ஒரு மரக்கட்டையால் ஒவ்வொரு டைலையும் தட்டிக்கொண்டே போங்கள். அடியில் கலவை இல்லாத டைல் பொள்ளலாக ஒலிக்கும். ஒலி மட்டும் மாறி, அசையாமல் இருந்தால் விட்டுவிடலாம். மிதித்தால் ஆடும் டைலைக் கட்டாயம் எடுத்துத் திரும்ப ஒட்ட வேண்டும். உடைந்த மூலைகளில் சிமென்ட் வைத்து மட்டமாக்குங்கள். டைல்களுக்கு நடுவே உள்ள சாதாரண இடைவெளியை நிரப்பத் தேவையில்லை.

அடுத்தது மட்டம். கொத்தனார் வைத்திருக்கும் ஆறடி அலுமினியச் சட்டத்தை வாங்கித் தரையில் பல திசைகளிலும் வைத்துப் பாருங்கள். சட்டத்துக்கும் தரைக்கும் நடுவே 3 மி.மீ.க்கு மேல் பள்ளம் இருக்கக்கூடாது. அளக்க ஒரு வழி: பழைய ஏ.டி.எம். அட்டைகள் நான்கை அடுக்கினால் கிட்டத்தட்ட 3 மி.மீ. வரும். அந்த அடுக்கு சட்டத்தின் அடியில் நுழைந்து வெளியே வந்தால் பள்ளம் அதிகம், அங்கே சாக்பீஸால் வட்டம் போட்டு, தானே மட்டமாகப் பரவும் செல்ஃப் லெவலிங் கலவை ஊற்றி மட்டமாக்குங்கள். அறை மொத்தமாக ஒரு பக்கம் சரிவாக இருப்பது கெடுதல் இல்லை. பள்ளமும் மேடும்தான் கெடுதல். நடக்கும்போது பலகை அங்கே அமுங்கி அமுங்கி, கடைசியில் பூட்டின் நாக்கு உடைந்துவிடும். ‘டக் டக்’ என்று சத்தம் வரும் லேமினேட் தரைகளுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

ஃபோமை இரண்டு மடங்காகப் போட்டால் பள்ளம் சரியாகும் என்று சிலர் சொல்வார்கள். செய்யாதீர்கள். மெத்தென்று இருக்கும், ஆனால் இணைப்புகள் சீக்கிரமே விட்டுப்போகும்.

கதவும் ஸ்கர்ட்டிங்கும்

8 மி.மீ. பலகையும் 2 மி.மீ. ஃபோமும் சேர்ந்து தரை 10 மி.மீ. உயரும். படுக்கையறைக் கதவு உள்பக்கமாகத் திறப்பதால் அது இடிக்கும். ஒரு துண்டுப் பலகையை ஃபோமோடு சேர்த்து, கதவு திறந்து மூடும் வட்டம் முழுக்க நகர்த்திப் பாருங்கள். அதற்கு மேலும் 3 மி.மீ. இடம் வேண்டும். இல்லையென்றால் கதவைக் கீலிலிருந்து கழற்றி, ஆசாரியிடம் கொடுத்து அடியை இழைத்துக்கொள்ளுங்கள். சுவரோடு கட்டிய அலமாரியின் கதவுகள் தரைவரை இறங்கியிருந்தால் அவற்றுக்கும் இதே சோதனை. தரையில் திருகியிருக்கும் கதவுக் காந்தத்தைக் கழற்றிச் சுவருக்கு மாற்றிவிடுங்கள். லேமினேட்டைத் துளைத்துக் கீழே உள்ள தரையோடு எதையும் திருகக்கூடாது. ஒரு திருகு போதும், தரை அந்த இடத்தில் பிடித்துக்கொண்டு மற்ற இடத்தில் எழும்பும்.

நம் வீடுகளில் சுவரின் அடியோரம் ஓடும் ஸ்கர்ட்டிங்கும் டைல்தான். சுவரைவிட ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு முன்னால் துருத்திக்கொண்டிருக்கும். அதைப் பெயர்க்க வேண்டாம். சுவர் பூச்சும் கூடவே வரும், பெயின்ட் வேலை தனியாக முளைக்கும். ஸ்கர்ட்டிங்கின் முகத்தையே சுவர் என்று வைத்துக்கொண்டு, அதிலிருந்து 10 மி.மீ. விட்டுப் பலகை போட்டு, அந்த இடைவெளியைப் பீடிங்கால் மூடினால் போதும். இனி நான் சுவர் என்று சொல்வது இந்த முகத்தைத்தான்.

கருவிகள்

இன்ச் டேப், மூலைமட்டம், பென்சில், ஜிக்சா அல்லது நுண்பல் கைரம்பம், ரப்பர் சுத்தியல், தட்டுக்கட்டை (சுத்தியலுக்கும் பலகைக்கும் நடுவே வைக்கும் கட்டை), கடைசி வரிசையை இழுக்க வளைந்த இரும்புப் பட்டை, சுவரோர இடைவெளியில் செருகி வைக்க 10 மி.மீ. தடிமனில் ஒரு கை நிறைய ஸ்பேசர். தட்டுக்கட்டையும் இழுப்புப் பட்டையும் ஸ்பேசரும் சேர்ந்து ஒரே பையாகக் கிடைக்கும். ஜிக்சா இல்லாவிட்டால் ஒரு நாள் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

ஜிக்சாவின் பல் மேல்நோக்கி வெட்டும். அதனால் பலகையின் நல்ல முகம் கீழே இருக்கும்படி கவிழ்த்து வெட்டுங்கள், மேல்பூச்சு சிதறாது. கைரம்பம் என்றால் நல்ல முகம் மேலே. மார்பிள் கட்டரில் மரப்பல் பிளேடு மாட்டி வெட்டுவதைப் பல இடங்களில் பார்க்கலாம். அந்த வேகத்துக்கும் அந்தப் பல்லுக்கும் ஏற்ற பாதுகாப்பு மூடி அதில் கிடையாது, சிக்கினால் கையை நோக்கித் துள்ளும். முதல் முறை செய்கிறவர் அதைத் தொடவே வேண்டாம். வெட்டுவதைப் பால்கனியிலோ மொட்டை மாடியிலோ வைத்துக்கொள்ளுங்கள். தூசு மிக நைசாக இருக்கும், மாஸ்க்கும் கண்ணாடியும் கட்டாயம்.

ஃபோம் விரித்தல்

தரையைப் பெருக்கித் துடைத்து நன்றாகக் காய விடுங்கள். மாடி வீட்டு டைல்ஸ் மேல் 2 மி.மீ. ஃபோம் மட்டும் போதும். தரைத்தளம் என்றால், ஓதம் இல்லையென்று தெரிந்தாலும், முதலில் 0.2 மி.மீ. பாலித்தீன் தாள் விரியுங்கள். ஒரு தாள் அடுத்ததன் மேல் 20 செ.மீ. ஏறியிருக்கட்டும், இணைப்பில் டேப். அதன் மேல் ஃபோம். ஃபோம் துண்டுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறக்கூடாது, ஓரத்தோடு ஓரம் சேர்த்து டேப் ஒட்ட வேண்டும். அறை முழுக்க ஒரேயடியாக விரித்தால் மிதித்து மிதித்துக் கிழியும், வேலை நகர நகர விரித்துக்கொண்டு போங்கள்.

12 அடிக் கணக்கு

பலகையின் நீளவாக்கு ஜன்னல் வெளிச்சம் வரும் திசையில் இருந்தால் இணைப்புக் கோடுகள் குறைவாகத் தெரியும். நம் உதாரண அறையில் 12 அடிப் பக்கமாக ஓட்டுவோம். வெட்டத் தொடங்கும் முன் காகிதத்தில் இரண்டு கணக்கு போட்டுவிடுங்கள்.

முதல் கணக்கு அகலத்துக்கு. 10 அடி என்பது 3048 மி.மீ. இரண்டு பக்கமும் 10 மி.மீ. கழித்தால் 3028. 195 வீதம் 15 வரிசை 2925 ஆகிறது, மிச்சம் 103 மி.மீ. கடைசி வரிசை அந்த அகலத்தில் வெட்டிய பலகையாக வரும், சரி. இந்த மிச்சம் 50 மி.மீ.க்குக் குறைவாக வந்தால்தான் யோசிக்க வேண்டும். உதாரணமாக 30 மி.மீ. வந்தால், 195ஐயும் 30ஐயும் கூட்டி இரண்டாகப் பிரித்து, முதல் வரிசையையும் கடைசி வரிசையையும் 112 மி.மீ. அளவில் வெட்டிக்கொள்ளுங்கள். ஒல்லிச் சீவலை ஓரத்தில் பூட்டுவது கஷ்டம், பார்க்கவும் நன்றாக இராது.

இரண்டாவது கணக்கு நீளத்துக்கு. அடுத்தடுத்த வரிசைகளின் குறுக்கு இணைப்புகள் குறைந்தது 30 செ.மீ. தள்ளியிருக்க வேண்டும். வழக்கமாக ஒரு வரிசையில் வெட்டிய மிச்சத் துண்டோடு அடுத்த வரிசையைத் தொடங்கினால் இது தானாக அமைந்துவிடும். ஆனால் 12 அடி அறையில் அமையாது. 3658 மி.மீ.யில் இரு பக்கமும் 10 போனால் 3638. மூன்று முழுப் பலகை 3645. வெறும் 7 மி.மீ. வெட்டினால் வரிசை முடிந்துவிடுகிறது, மிச்சத் துண்டே கிடையாது. இப்படியே போட்டால் எல்லா இணைப்பும் ஒரே நேர்கோட்டில் விழும், தரைக்குப் பலமே இருக்காது.

அதனால் பலகையை வேண்டுமென்றே மூன்றில் ஒரு பங்கில் வெட்டி, மூன்று விதமாக வரிசை அமைக்க வேண்டும். முதல் வகை: முழுப் பலகை, முழுப் பலகை, முடிவில் 1208. இரண்டாம் வகை: தொடக்கத்தில் 810, அப்புறம் இரண்டு முழுப் பலகை, முடிவில் 398. மூன்றாம் வகை: தொடக்கத்தில் 405, இரண்டு முழுப் பலகை, முடிவில் 803. எந்த இரண்டு வகையை அடுத்தடுத்துப் போட்டாலும் இணைப்புகள் 405 மி.மீ. தள்ளி விழுகின்றன. ஆகவே வரிசை ஒழுங்கை அவ்வப்போது கலைத்துப் போடுங்கள். ஒரே ஒழுங்கில் போட்டால் படிக்கட்டு மாதிரி தெரியும்.

இதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. பலகையின் இடது முனையும் வலது முனையும் வேறு வேறு வடிவம். வரிசையைத் தொடங்கும் துண்டுக்கு வலது முனை முழுசாக வேண்டும், முடிக்கும் துண்டுக்கு இடது முனை முழுசாக வேண்டும். ஒரு பலகையை இரண்டாக வெட்டினால், வலப்பாதி அந்த வரிசையின் தொடக்கம், இடப்பாதி அதே வரிசையின் முடிவு. ஆக வரிசைக்குச் சரியாக மூன்று பலகை, 16 வரிசைக்கு 48 பலகை, 6 பெட்டி. ஏழாவது பெட்டி கைகாவல்.

உங்கள் அறை இதே அளவில் இருக்காது. ஆனால் கணக்கு போடும் முறை இதுதான்.

முதல் மூன்று வரிசை

இங்கே அவசரப்படவே கூடாது. முதல் வரிசை கோணலானால் கடைசி வரை கோணல்தான்.

பெட்டியைப் பிரித்ததும் ஒவ்வொரு பலகையையும் வெளிச்சத்தில் பாருங்கள், நாக்கு உடைந்ததை ஒதுக்கி வெட்டுத் துண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று பெட்டிகளிலிருந்து கலந்து எடுத்தால் ஒரே ரேகை பக்கத்தில் பக்கத்தில் விழாது.

சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்து இடமிருந்து வலமாகப் போடுங்கள். பெரும்பாலான பலகைகளில் நாக்குப் பக்கம் சுவரை நோக்கியும் பள்ளப் பக்கம் உங்களை நோக்கியும் இருக்க வேண்டும். உங்கள் பெட்டிக்குள் இருக்கும் தாளில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். முதல் வரிசையில் சுவர்ப் பக்க நாக்கை வெட்டி எடுத்துவிடுங்கள். சுவரோரம் இரண்டடிக்கு ஒரு ஸ்பேசர் வையுங்கள், இரு முனைகளிலும் வையுங்கள்.

முதல் வரிசை முடிந்ததும் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நூல் பிடித்துப் பாருங்கள். சுவர் நேராக இருக்கும் என்று நம்ப வேண்டாம், நம் சுவர்கள் நடுவில் பிதுங்கியும் உள்வாங்கியும் இருப்பது சாதாரணம். பலகை நூலுக்கு நேராக இருக்க வேண்டும், சுவருக்கு அல்ல. சுவர் பிதுங்கும் இடத்தில் பலகையின் ஓரத்தைச் செதுக்கி 10 மி.மீ. இடைவெளியைக் காப்பாற்றுங்கள்.

இரண்டாம் வரிசையின் பலகையை 20, 30 பாகை சாய்த்து, நாக்கை முதல் வரிசையின் பள்ளத்துக்குள் நுழைத்து, லேசாக முன்னுக்குத் தள்ளியபடியே கீழே இறக்குங்கள். சரியாக விழுந்தால் ‘கிளிக்’ சத்தமும் கையில் ஒரு பிடிப்பும் தெரியும். விரலால் இணைப்பைத் தடவுங்கள். நகம் இடறினாலோ கோடாக வெளிச்சம் தெரிந்தாலோ பூட்டு விழவில்லை. பலகையைத் தூக்கி, பள்ளத்தில் தூசு இருக்கிறதா என்று பார்த்து, மறுபடி இறக்குங்கள். பெரும்பாலும் ஒரு துளி மரத்தூள்தான் தடுத்திருக்கும். சுத்தியலால் அடித்து உள்ளே தள்ளுவது கூடாது. தட்டுவதென்றாலும் தட்டுக்கட்டையை வைத்து மெதுவாகத்தான். பலகையின் ஓரத்தில் நேராகச் சுத்தியல் பட்டால் அந்த நாக்கு போனது.

முடிவுத் துண்டை டேப் இல்லாமலே குறிக்கலாம். பலகையை 180 பாகை திருப்பி வரிசைக்குப் பக்கத்தில் வைத்து, முனையைச் சுவரோர ஸ்பேசரைத் தொடவிட்டு, முந்தைய பலகை முடியும் இடத்தில் கோடு போடுங்கள். வெட்டித் திருப்பினால் அளவும் சரியாக இருக்கும், தேவையான முனையும் பத்திரமாக இருக்கும்.

மூன்று வரிசை முடிந்ததும் மொத்தத்தையும் ஸ்பேசரோடு சுவரை நோக்கி இறுக்கிவிட்டு, நூலை மறுபடி பிடித்துப் பாருங்கள். இனி வேகம் பிடிக்கலாம்.

நிலையும் கடைசி வரிசையும்

கதவு நிலையருகே இரண்டு வழி உண்டு. ஒரு துண்டுப் பலகையை ஃபோமோடு நிலையின் அடியில் வைத்து, அதன் மேல் கைரம்பத்தைப் படுக்க வைத்து நிலையை அறுத்தால் பலகை உள்ளே நுழைந்துகொள்ளும். அழகாக இருக்கும். தேக்கு நிலையை அறுக்க மனம் வராதவர்கள், நிலையின் வடிவத்தை அட்டையில் வெட்டிப் பார்த்து, அதைப் பலகையில் வரைந்து, 8 முதல் 10 மி.மீ. இடைவெளி விட்டு வெட்டி, பிறகு பலகை நிறத்துச் சீலன்டால் நிரப்பலாம். நான் இரண்டாவதையே சொல்வேன். சீலன்ட் இழுபடும், பலகை அசைய இடம் கொடுக்கும். அறுத்த நிலையை ஒட்ட முடியாது.

கடைசி வரிசைக்கு ஒரே இடத்தில் அளந்து எல்லாவற்றையும் வெட்டிவிடாதீர்கள். ஒவ்வொரு பலகைக்கும் இரு முனையிலும் அளந்து, 10 மி.மீ. கழித்து வெட்டுங்கள். தட்டுக்கட்டைக்கு இங்கே இடம் இருக்காது. இழுப்புப் பட்டையைப் பலகையின் சுவரோர விளிம்பில் மாட்டி, அதன் மறுமுனையைச் சுத்தியலால் தட்டி இழுத்துப் பூட்ட வேண்டும்.

ஓரத்தை மூடுதல்

ஸ்பேசர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டீர்களா என்று எண்ணிப் பாருங்கள். ஒன்று உள்ளே இருந்தாலும் அங்கே தரை முட்டும்.

பீடிங்கின் அகலம் 10 மி.மீ. இடைவெளியைத் தாண்டிப் பலகை மேலும் கொஞ்சம் அமர வேண்டும், 15 மி.மீ.க்குக் குறையாமல் வாங்குங்கள். பசையை ஸ்கர்ட்டிங் பக்கம் மட்டும் தடவுங்கள். தரைப் பக்கம் தடவினால் தரையையும் சுவரையும் சேர்த்துக் கட்டிவிட்டீர்கள், இத்தனை நேரம் விட்ட இடைவெளிக்குப் பயனே இல்லை. குளியலறைப் படியோரம் மட்டும் பீடிங்குக்குப் பதில் சிலிக்கோன் சீலன்ட் நிரப்புங்கள்.

வாசலில் ஹால் டைல்ஸைவிட அறைத் தரை 10 மி.மீ. உயரமாக நிற்கும். அதற்குச் சரிவான ரெட்யூசர் பட்டையைப் போடுங்கள். இதன் அடிப்பட்டையை டைல்ஸோடுதான் திருக வேண்டும், லேமினேட்டோடு அல்ல. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் நிறம் வேறுபட்ட பட்டையாக வாங்குங்கள், இரவில் எழுந்து போகும்போது உயர வித்தியாசம் கண்ணில் படும். பக்கத்து அறைக்கும் லேமினேட் போடுவதாக இருந்தால் வாசலில் இடைவெளி விட்டு டி வடிவப் பட்டையால் மூடுங்கள், இரண்டு அறையையும் ஒரே தகடாக ஓட்டாதீர்கள்.

கட்டில், மேசைக் கால்களுக்கு அடியில் ஃபெல்ட் ஒட்டிவிட்டு உள்ளே கொண்டுவாருங்கள். இரும்பு பீரோவைத் தள்ளாமல் தூக்கி வையுங்கள். பீரோவும் நிறைந்த புத்தக அலமாரியும் இருந்தால் எதிரெதிர்ச் சுவரோரம் வைக்காதீர்கள். இரு பக்கமும் அமுக்கினால் தரை நகர முடியாது. ஒரே பக்கம் வைத்தால் மறுபக்கம் தாராளமாக விரிந்துகொள்ளும்.

துடைப்பதும் பழுதும்

வீட்டு வேலைக்கு உதவ வருபவரிடம் முதல் நாளே எடுத்துச் சொல்லுங்கள்: இந்த அறைக்கு வாளித் தண்ணீரும் பினாயிலும் கிடையாது. தினமும் மென்மையான துடைப்பத்தால் பெருக்கி, வாரம் ஓரிருமுறை நன்றாகப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தால் போதும். துடைத்த இடம் ஒரு நிமிடத்தில் காய்ந்துவிட வேண்டும், அதுதான் ஈரத்தின் அளவு. நீராவி மாப் வேண்டாம். தண்ணீர் சிந்தினால் அப்போதே துடைத்துவிடுங்கள். மணல்தான் மேல்பூச்சைத் தேய்க்கிறது, அறை வாசலில் ஒரு மிதியடி போடுங்கள்.

மழைக்காலத்தில் எங்காவது மேடாக எழும்பினால் பயப்பட வேண்டாம். மேட்டுக்கு நேரான சுவரோரம் பீடிங்கைக் கழற்றிப் பாருங்கள், பலகை ஏதோ ஓரிடத்தில் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும். அங்கே ஒரு சென்டிமீட்டர் செதுக்கிவிட்டால் சில நாட்களில் தரை தானே அமரும். கோடையில் ஏ.சி. ஓடி ஓடி முடியிழை அளவு கோடு தெரிந்தால் விட்டுவிடுங்கள், ஈரம் கூடும்போது அடைபட்டுவிடும்.

ஓரம் உப்பிய பலகைக்கு மட்டும் மருந்து கிடையாது, மாற்றத்தான் வேண்டும். அருகிலுள்ள சுவரிலிருந்து வரிசை வரிசையாகக் கழற்றிக்கொண்டே வந்து, அந்தப் பலகையை எடுத்துவிட்டுப் புதியதை வைத்து, திரும்பக் கோத்துக்கொண்டு போகலாம். கழற்றும்போது ஒவ்வொரு பலகையின் பின்பக்கத்திலும் பென்சிலால் எண் போட்டுக்கொள்ளுங்கள். அதற்காகத்தான் ஏழாவது பெட்டி: மீந்த பலகைகளைக் கட்டிலுக்கு அடியில் தட்டையாக வைத்து, மாடல் எண்ணும் தொகுதி எண்ணும் உள்ள அட்டைத் துண்டை வெட்டி அவற்றோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள்.